580 கிலோ எங்கிருந்து வந்தது?

மலேசியாவில், ஊத்தான் மெலிந்தாங் பட்டணத்துக்கு வெளியே, தெலுக் இந்தான் போகும் திசையில், பழைய இரும்புக் கடை ஒன்று இருக்கிறது. பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் எந்த லாரியையும் எடை போட்டுச் சீட்டு தருவார்கள். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலையில், நாங்கள் வாங்க நினைத்த பிரைம் மூவரை, அதாவது டிரெய்லரை இழுக்கும் லாரித் தலையை, அந்த மேடையில் ஏற்றினோம். கூடவே வந்த தவுக்கே, லாரியை விற்கும் முதலாளி, சிகரெட்டை அணைத்துவிட்டுக் கேட்டார்: "லாரி வாங்க வந்தீர்களா, பழைய இரும்பு வாங்க வந்தீர்களா?"

எடைக் கூண்டுக்குள் எண் நின்றது: 9,180. லாரியின் கதவில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்த வெற்று எடை 8,600. நடுவில் 580 கிலோ.

நான் செம்பனை ஆலை ஒன்றில் 26 ஆண்டுகள் எடைமேடைக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். குலை ஏற்றிவரும் லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஓர் எடை. இரண்டுக்கும் இடையில் உள்ளதுதான் பணம். அந்தப் பணத்தைக் கூட்ட மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று பார்த்துப் பழகிய கண் எனக்கு. தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து, வெளியேறும்போது காலி செய்துவிட்டுப் போனவர்களும் உண்டு. 580 கிலோ என்பது என் கணக்கில் சும்மா வரும் எண்ணாக இல்லை.

வாங்குபவர் என் மனைவியின் தம்பி. சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயை ஆலையிலிருந்து கிள்ளான் துறைமுகப் பக்கம் கொண்டுபோகும் வேலை. சொந்தமாக ஒரு டாங்கி டிரெய்லர் இருந்தது. அதை இழுத்துக்கொண்டிருந்த பழைய பிரைம் மூவரின் இயந்திரம் ஓய்ந்துவிட்டது. புதிது வாங்கக் கையில் காசில்லை. பழையதில் நல்லதாக ஒன்று வேண்டும். அவர் மூன்று வண்டிகளைப் பார்த்துவைத்துவிட்டு என்னிடம் வந்து, "மாமா, இயந்திரத்தை மெக்கானிக் பார்த்துவிட்டார். நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார். இயந்திரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எடை தெரியும். அதனால் எடையிலிருந்து தொடங்கினோம்.

எடையின் பெயர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சரக்கு லாரியின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று 'பெராத் டெங்கான் முவாத்தான்', சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. மற்றது 'பெராத் தன்பா முவாத்தான்', வெற்று வண்டியின் எடை. இரண்டின் மலாய்ச் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிடிஎம்' என்றுதான் வரும். எங்கள் ஆலையின் பழைய பேரேடுகளில் இதனால் ஒரு குழப்பமே நடந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் முழு எடை, வெற்று எடை என்றே எழுதுகிறேன்.

முழு எடை எவ்வளவு என்பது அச்சுகளின் எண்ணிக்கை, அவற்றுக்கு இடையே உள்ள தூரம், ஓடும் சாலையின் தரம் ஆகியவற்றைப் பொறுத்தது. வண்டிக்கு வண்டி அதன் ஆவணத்தில் இருக்கும் எண்ணே செல்லும். எங்கள் கணக்குக்கு, மூன்று அச்சுப் பிரைம் மூவரும் மூன்று அச்சு டிரெய்லரும் சேர்ந்து 44,000 கிலோ என்று வைத்துக்கொண்டோம். டிரெய்லர் எங்களுடையதே. அதையும் விடவில்லை. அடியில் உறைந்துகிடந்த எண்ணெய் மண்டியைச் சுரண்டிக் கழுவியபின் எடை போட்டோம்: 7,420. இந்த இரண்டு எண்களும் மாறாதவை. மாறக்கூடியது பிரைம் மூவரின் எடை ஒன்றுதான். அதில் ஒரு கிலோ கூடினால் எண்ணெயில் ஒரு கிலோ குறையும்.

மூன்று வண்டிகள் இவை. முதலாவது ஜப்பான் வண்டி, பின்னால் இரண்டு அச்சுகளும் இழுக்கும் வகை. விலையும் மூன்றில் அதுவே குறைவு. இரண்டாவது ஐரோப்பிய வண்டி, அதுவும் இரண்டு அச்சும் இழுக்கும். உயரமான தலை, உள்ளே படுக்கை, சிறிய குளிர்பெட்டி, முன்னால் பளபளக்கும் இரும்புக் கம்பித் தடுப்பு. என் மைத்துனருக்கு அதன்மேல்தான் கண். மூன்றாவதும் ஐரோப்பிய வண்டிதான், ஆனால் குட்டைத் தலை. பின்னால் இரண்டு அச்சுகளில் ஒன்றுதான் இழுக்கும். மற்றது சுமை தாங்க மட்டும். வெறுமையாக ஓடும்போது அதைத் தரையிலிருந்து தூக்கிவிடலாம்.

எடை போடும்போது மூன்றுக்கும் ஒரே விதி. ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, லிட்டருக்கு 840 கிராம் என்ற கணக்கில் எல்லாவற்றையும் 300 லிட்டருக்குச் சமப்படுத்தினோம். முழு வண்டியை ஒருமுறை, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை. முன்னும் பின்னும் கூட்டினால் முழு எடையோடு 40 கிலோ வித்தியாசம் வந்தது. மேடையின் வாயிலில் சற்றுச் சரிவு இருப்பதால் வரும் பிழை அது. அதைப் பெரிதுபடுத்தவில்லை. மேடையில் அந்த ஆண்டின் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தின்கீழ் வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு முத்திரை பெற்றிருக்க வேண்டும். இது கிராணிப் புத்தி, விடாது.

ஜப்பான் வண்டி 9,180. படுக்கை வைத்த வண்டி 9,640. குட்டைத் தலை 8,250.

இப்போது அந்த 580 கிலோ.

இரும்புக் கடைக்கு எதிரே இருந்த ஒட்டுக்கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஜப்பான் வண்டியின் சீட்டைத் திருப்பிப்போட்டு அதன் பின்புறத்தில் எழுதினேன். டீசல் 300 லிட்டர், 252 கிலோ. இரும்பு ரிம்மோடு உதிரிச் சக்கரம், 100. ஜாக்கி, சங்கிலி, கருவிப் பெட்டி, 60. மொத்தம் 412. ஆவணத்தில் எழுதும் வெற்று எடையில் இவையெல்லாம் சேராமல் இருந்திருக்கலாம், சரி. அப்படியும் 168 கிலோ மிச்சம். இரும்பு தானாகக் குட்டி போடாது.

திரும்பிப் போய் வண்டியின் அடியில் படுத்தேன். என் வயதில் படுப்பது எளிது, எழுவதுதான் கஷ்டம். டார்ச்சை அடித்துப் பார்த்தால் சேசிஸ் முழுக்கப் புதுக் கறுப்புச் சாயம். பழைய வண்டியின் அடிப்பாகத்துக்குப் புதுச் சாயம் பூசியிருந்தால், அழகுக்காகப் பூசியிருக்க மாட்டார்கள். டிரெய்லர் வந்து உட்காரும் தட்டுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்தின் உட்புறத்தில் விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் விரல் ஒரு படி ஏறியது. சாயத்துக்குக் கீழே பற்றவைத்த தழும்பு, புழு ஊர்ந்த மாதிரி நீளமாகப் போனது. சட்டத்துக்குள் இன்னொரு சட்டத்தைச் சொருகியிருந்தார்கள். மைத்துனர் நாடாவால் அளந்தார்: 3 மீட்டர் நீளம், மடிப்போடு 32 சென்டிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் தடிமன். எஃகு ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. ஒரு பக்கத்துக்கு 60 கிலோ, இரண்டு பக்கமும் சேர்ந்து 120. பின்னால் வில்பட்டைகளை எண்ணினோம். பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் மற்றவற்றைவிடப் புதியவை, துருவின் நிறமே வேறு. நான்கும் சேர்ந்தால் ஏறக்குறைய 50 கிலோ. கணக்கு முடிந்துவிட்டது.

அந்த 168 கிலோவால் இழக்கும் வாடகையை நான் பெரிதாக எண்ணவில்லை. அது சொன்ன கதைதான் பெரிது. யாரோ இந்த வண்டியில் மணலோ கல்லோ வருடக்கணக்கில் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள். வில் தொய்ந்ததும் பட்டை சேர்த்திருக்கிறார்கள். வில் தாங்கியதும் சேசிஸ் விரிசல் விட்டிருக்கிறது. விரிசலுக்கு உள்சட்டம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். கனரக வண்டிகளின் சேசிஸ் சட்டம் பெரும்பாலும் வலிமை கூட்டிய எஃகு. கண்ட இடத்தில் பற்றவைத்தால் அந்த வலிமை கெட்டு, தழும்புக்குப் பக்கத்திலேயே மறுபடியும் விரிசல் விடக்கூடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் தங்கள் கையேடுகளில் எங்கே பற்றவைக்கக் கூடாது என்று தனியாக எழுதி எச்சரிக்கிறார்கள். தவுக்கேயைக் குறை சொல்ல முடியாது. ஏலத்தில் எடுத்த வண்டி, அவரும் அடியில் படுத்துப் பார்த்திருக்க மாட்டார். நாங்கள் விட்டுவிட்டோம். அவரும் தோளைக் குலுக்கிவிட்டார்.

மீதம் இரண்டு. படுக்கை வண்டி வேண்டும் என்று மைத்துனர் பிடிவாதமாக நின்றார். "ஓட்டுநருக்கு வசதி வேண்டாமா மாமா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பெர்ணம் ஆற்றைத் தாண்டி, சபாக் பெர்ணம் வழியாகக் கிள்ளான் துறைமுகம் போய்த் திரும்புவது ஒரே நாள் வேலை. ஓட்டுநர் இரவில் தன் வீட்டில் படுப்பார். கம்பித் தடுப்பு யாருக்கு? நம் சாலையில் மாடு வரும், கங்காரு வராது. அந்தப் படுக்கையும் தடுப்பும் குளிர்பெட்டியும் ஆண்டு முழுவதும் வாடகையில்லாமல் சவாரி செய்யும் பயணிகள்.

பயணிக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுக் காட்டினேன். படுக்கை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 17,060. 44,000இல் கழித்தால் எண்ணெய்க்கு 26,940. குட்டைத் தலையோடு 15,670, எண்ணெய்க்கு 28,330. வித்தியாசம் 1,390 கிலோ. வாடகை டன்னுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒரு பயணத்துக்கு 55 வெள்ளி 60 காசு. மாதம் 22 பயணம், ஆண்டு 12 மாதம் என்றால் 14,678 வெள்ளி. மைத்துனர் கைபேசியில் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். பிறகு படுக்கையைப் பற்றிப் பேசவில்லை.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. எண்ணெய், மணல், சிமெண்டு போன்ற கனமான சரக்கில்தான் வெற்று எடை காசாகும். தேங்காய் மட்டையோ வெறுங்குலையோ ஏற்றுபவருக்கு எடை எல்லையைத் தொடும் முன்பே டிரெய்லர் நிரம்பிவிடும். அவர் இலேசான வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். பயணத்துக்கு 25 டன் மட்டும் என்று கட்டிவைத்த ஒப்பந்தம் என்றாலும் அப்படித்தான். ஆலை நிறைய ஏற்றக் கொடுத்தால்தான் இலேசான வண்டி சம்பாதிக்கும். எரிபொருளிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போகும்போது மூன்று வண்டியும் அதே 44 டன்தான், டீசல் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் வெறுமையாகத் திரும்பும் பாதியில்தான். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபின், மானிய அட்டை கிடைக்காதவருக்கு அந்தப் பாதியும் கணக்கில் வரும்.

இந்த இடத்தில் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்த ஒரு லாரிக்காரர் சொன்னதை மறைக்க மாட்டேன். "ஒன்றரை டன்தானே அண்ணே! பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு ஒன்றரை டன் கூட ஏற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும்." கனமான வண்டி வாங்கியவர்களில் பலர் இப்படித்தான் நேராக்குகிறார்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலை போட்டு, லாரிகளை ஓடவிட்டுச் சோதித்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் ஏறக்குறைய நான்காம் படியில் ஏறுகிறது என்று அதில் தெரிந்தது. ஓர் அச்சில் 20 விழுக்காடு கூட்டினால் சேதம் இரண்டு மடங்கு. எங்கள் பகுதியின் சாலைகள் கடலோரக் களிமண்மேல் போட்டவை. மழைக்குப் பிறகு அவற்றின் அலையைப் பார்த்தவருக்கு இந்தச் சோதனையை விளக்க வேண்டியதில்லை. சாலையைவிட மோசமாகக் கெடுவது பிரேக்கும் ஸ்டீயரிங்கும். 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாப் பாதுகாப்பு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர், கல் ஏற்றிவந்த லாரி மோதி இறந்தார்கள். அந்த விழாவுக்கு நாங்களும் போயிருந்தோம். லாரிக்காரரிடம் நான் அதைச் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

குட்டைத் தலைக்கு ஒரு குறை உண்டு, அதையும் அளந்தோம். முழுச் சுமையில் பின்பக்க இரண்டு அச்சுகளில் சுமார் 16,100 கிலோ இறங்கும். இரண்டும் இழுக்கும் வண்டியில் மொத்த எடையின் 37 விழுக்காடு சாலையைப் பிடித்து இழுக்கும். ஓர் அச்சு மட்டும் இழுக்கும் வண்டியில் அந்த அச்சில் 10,000 கிலோ அளவுதான், 23 விழுக்காடு. தார்ச்சாலையில் இது தெரியாது. ஆலையிலிருந்து வெளியே வரும் செம்மண் பாதையில் தெரியும். எண்ணெய் ஏற்றும் இடத்துக்குப் பின்னால் ஓர் ஏற்றம் இருக்கிறது. மைத்துனரின் ஓட்டுநர் அறுபது வயது தாண்டியவர். அவரோடு அந்த ஏற்றத்தில் நடந்துபார்த்தோம். காலணியால் மண்ணைக் கீறிவிட்டு அவர் சொன்னார்: "காய்ந்திருக்கும்போது கவலையில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் ஒற்றை அச்சு இங்கே சுற்றும், ஏறாது." இப்படிப்பட்ட ஏற்றம் வழியில் ஐந்தாறு இருந்தால் நான் இரண்டு அச்சும் இழுக்கும் வண்டியைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன், எடை போனால் போகட்டும் என்று. ஒன்றுதான் இருந்தது. அதற்கும் தோட்டத்து டிராக்டர் கூப்பிடு தூரத்தில் நின்றது.

குட்டைத் தலையையே வாங்கினோம். ஜப்பான் வண்டியைவிட 18,000 வெள்ளி அதிகம். அதோடு ஒப்பிட்டால் 930 கிலோ கூடுதல் சரக்கு, மாதம் 818 வெள்ளி, 22 மாதத்தில் விலை வித்தியாசம் அடைந்துவிடும். பரிசோதனை, உரிமை மாற்றம், உரிமப் படிவங்கள் எல்லாம் வழக்கம்போல் அலைய வைத்துவிட்டு முடிந்தன.

முதல் பயணத்திலேயே சறுக்கினோம். டாங்கியின் கொள்ளளவு 34,000 லிட்டர். 50 டிகிரியில் செம்பனை எண்ணெய் லிட்டருக்கு ஏறக்குறைய 890 கிராம். நிறைத்தால் 30,260 கிலோ, எங்களுக்கு இடமுள்ளது 28,330. ஆகவே 31,800 லிட்டரில் நிறுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் அளவுக்கோலில் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். அன்று எண்ணெய் சற்று ஆறியிருந்தது. பத்து டிகிரி ஆறினால் அதே அளவுக்குள் 200 கிலோ கூடுதலாக உட்கார்ந்துவிடும். எடைமேடை 44,190 காட்டியது. 190 கிலோவை இறக்கிவிட்டுப் புறப்பட இரண்டு மணி நேரம் ஆனது. லிட்டரை நம்பிக் கோடு போட்டவன் 26 ஆண்டு எடைக் கிராணி என்பதை மைத்துனர் இன்னும் விருந்துகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அச்சுவாரியாக எடை போட்டதில் இன்னொன்றும் வெளிப்பட்டது. முன் அச்சில் எதிர்பார்த்ததைவிட அதிகச் சுமை விழுந்தது. டிரெய்லரின் கிங்பின் (அடியில் நீட்டியிருக்கும் இணைப்பு ஆணி) வந்து பூட்டும் தட்டை முந்தைய உரிமையாளர் முன்னால் தள்ளிவைத்திருந்தார். கிங்பின்னில் இறங்குவது 14,550 கிலோ, முன் அச்சுக்கும் பின் அச்சுகளின் நடுவுக்கும் இடையே 3.9 மீட்டர். தட்டை 10 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினால் முன் அச்சிலிருந்து 370 கிலோ பின்னால் போகும். பட்டறையில் நகர்த்திப் பூட்டிவிட்டு மறுபடியும் எடை போட்டோம். அதற்குப் பிறகு ஸ்டீயரிங் இலேசாகிவிட்டது என்று ஓட்டுநர் சொன்னார்.

ஏழு மாதத்தில் இரண்டு முறை அந்தச் செம்மண் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது, இரண்டும் நவம்பர் மழையில். ஓட்டுநர் சொன்னபடியே சக்கரம் சுற்றியது, ஏறவில்லை. டிராக்டர் வந்து இழுத்தது. ஒரு நாள் மூன்று மணி நேரம் போயிற்று. ஆலைச் சீட்டுகளை மாதாமாதம் நான் வாங்கிப் பார்க்கிறேன். பயணத்துக்கு 28 டன்னுக்குக் குறையாமல் வருகிறது, 44,000ஐத் தாண்டிய சீட்டு அந்த முதல் ஒன்றைத் தவிர வேறில்லை.

சென்ற மாதம் தெலுக் இந்தான் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, எங்களுக்கு முன்னால் அந்த ஜப்பான் வண்டி நின்றது. யாரோ வாங்கிவிட்டார்கள். புதிய நீலச் சாயம், புதிய டிரெய்லர், தார்பாய்க்கு மேலே கூம்பாக எழுந்து நின்ற மணல். கதவில் வெற்று எடையைப் புதிதாக எழுதியிருந்தார்கள், அழகான கையெழுத்து. 8,600 என்றே இருந்தது.